செவிக்குரிய கருவியைக் கண்ணுக்குள் பூட்டுவதா?

இசை செவிக்குரியது. இதனை மெய்ப்பிக்க எந்த நூலையும் புரட்ட வேண்டுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டும் கேட்கலாம்; இருளிலும் பாடலாம்; விளக்கணைந்த அரங்கிலும் குழல் ஊதலாம். கண்ணின் துணையை வேண்டாத கலைகளுள் தலையாயது இசை. அத்தகைய கலைக்கென்றே இன்று உலகெங்கும் விற்கப்படும் கணினிக் கருவிகளுள் பெரும்பாலானவை, பார்வையற்ற ஒருவர் தொட்டும் பயன்கொள்ள இயலாதவாறு செய்யப்பட்டிருக்கின்றன என்றால், அதற்கு என்ன பெயரிடுவது? பிழை என்பதா? மறதி என்பதா? இரண்டும் அன்று. ஒரு முறை நேர்ந்தால் பிழை. இரு முறை நேர்ந்தால் மறதி. முப்பது ஆண்டுகளாகத் தொடர்ந்து நேர்வது புறக்கணிப்பு.

இசையாக்க மென்பொருள் என்பது யாது? முன்பு ஒரு பாடலைப் பதிவு செய்யக் கூடம் வேண்டும். நாடாப் பதிவுப் பொறி வேண்டும். பல ஒலிகளை அளவறிந்து கலக்கும் கலவைப் பலகை வேண்டும். எதிரொலி ஊட்டவும், மிகையொலியை அடக்கவும், ஒலியின் நிறத்தை மாற்றவும் தனித்தனிப் பெட்டிகள் வேண்டும். இன்று இவை அனைத்தும் ஒரு கணினிக்குள் நிரல்களாக அடங்கிவிட்டன. கியூபேசு, புரோ டூல்சு, லாசிக், எப்எல் இசுடூடியோ, ஏபில்டன் லைவ், ரீப்பர் என்பன அத்தகைய மென்பொருள்களுள் சில. அவற்றினுள் செருகிப் பயன்படுத்தும் சிறு நிரல்கள் செருகுநிரல்கள் எனப்படும். திரைப்பாடலாயினும், விளம்பரத்துக்கான ஒரு நொடி ஒலியாயினும், இன்று பெரும்பாலும் இவற்றின் வழியாகவே பிறக்கின்றது. ஆகவே இம் மென்பொருளின் வாயிலில் தடுக்கப்படுபவர், இசைத்தொழிலின் வாயிலிலேயே தடுக்கப்படுகின்றார். இங்குப் பேசப்படுவது பொழுதுபோக்கன்று, பிழைப்பு.

விருந்தினர் அல்லர், வீட்டுக்குரியோர்

பார்வையற்றோர்க்கு இசைக்கருவியில் இடம் கேட்பது இரக்கத்தின்பாற்பட்ட வேண்டுகோள் என்று கருதுவோர் உளர். வரலாறு அறியாமையே அக் கருத்தின் வேர். இசையைப் பதிவு செய்யும் கலைக்கும் இசைப்பொறிக் கலைக்கும் பார்வையற்றோர் வெளியிலிருந்து வந்தவர் அல்லர். அவற்றைக் கட்டியோருள் அவர்களும் உளர்.

தடவிப் படிக்கும் புள்ளியெழுத்தை உருவாக்கிய லூயி பிரெயில் பார்வையற்றவர். பாரிசு நகரத் திருக்கோவில்களில் இசைக்கருவி மீட்டியவர். அவர் 1829இல் வெளியிட்ட முதல் நூல், சொற்களை எழுதும் முறையை மட்டும் கூறவில்லை. இசையை எழுதும் முறையையும் அந் நூலே கூறிற்று. எழுத்தும் இசையும் ஒரே நாளில், ஒரே கையால், ஒரே நூலில் தரப்பட்டன. பார்வையற்ற மாந்தர்க்கு இசை என்பது படிப்பு முடிந்தபின் கொசுறாகத் தரும் பண்டம் அன்று என்பதை அவ் விளைஞர் அன்றே காட்டிவிட்டார்.

அண்மைக் காலத்துக்கு வருவோர் மற்றொன்றையும் காணலாம். அச்செழுத்தைப் படித்துக் குரலாகச் சொல்லும் பொறியை 1976இல் அமெரிக்க அறிவியலாளர் ரே கர்சுவைல் வெளிக்கொணர்ந்தார். அதனை முதலில் வாங்கியவர் பார்வையற்ற இசைமேதை இசுடீவி வொண்டர். அவ்விருவரின் நட்பு வளர்ந்தது. இயற்கைக் கருவிகளின் ஒலிவளமும் மின்கருவிகளின் ஆளுமையும் ஒன்றுகூடிய கருவி ஒன்றில்லையே என்ற வொண்டரின் ஏக்கம், 1982இல் கர்சுவைல் இசைக்கருவி நிறுவனமாக உருவெடுத்தது. 1984இல் கர்சுவைல் 250 என்னும் விசைப்பலகையாக வெளிவந்தது. பியானோவின் ஒலியை மின்கருவியில் மெய்யாகக் கொணர முயன்ற முன்னோடிக் கருவிகளுள் அதுவும் ஒன்று. எவர் வேட்கையால் கருவி பிறந்ததோ, அவர் இனத்தாரையே பின்வந்த கருவிகள் வெளியே நிறுத்தின. இதனினும் பெரிய நன்றிகேடு வேறு யாது?

பூட்டு எப்பொழுது விழுந்தது?

பழைய கருவிகளில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குமிழ், ஒரு பிடி, ஒரு விசை இருந்தது. எந்தக் குமிழ் எவ்விடத்தில் உள்ளது என்பதை விரல் ஒரு கிழமையில் கற்றுக்கொள்ளும். 1983இல் வந்த யமகா டிஎக்சு-7 போன்ற கருவிகளில் முதல் தடை தோன்றியது. குமிழ்கள் மறைந்தன, மேடுபள்ளம் அற்ற தட்டை அழுத்துவிசைகளும், ஒரு சிறு எழுத்துத்திரையும், எல்லா அளவுகளுக்கும் பொதுவான ஒரே நழுவுபிடியும் வந்தன. ஒலியை அமைக்க வேண்டுமாயின் அச் சிறு திரையைப் படித்தாக வேண்டும். பார்வையுடையோரே அக் கருவியில் புதிய ஒலி அமைக்கத் திணறினர். தொழிற்கூடத்தில் அமைத்துத் தந்த ஒலிகளையே பலர் அப்படியே பயன்படுத்தினர். இடைமுகம் கெட்டால் கலைஞனின் படைப்பாற்றலும் சுருங்கும் என்பதற்கு அதுவே முதற் சான்று.

ஆயினும் அப்பொழுது கணினி பார்வையற்றோர்க்கு மூடப்படவில்லை. 1987இல் வெளிவந்த கேக்வாக் என்னும் மென்பொருள் எழுத்துகளால் ஆன திரையில் இயங்கியது. திரையில் எழுத்து எழுத்தாகவே இருந்தமையால், அதனை எடுத்துக் குரலாகச் சொல்வது திரைபடிப்பான் என்னும் நிரலுக்கு எளிதாயிற்று. டெட் என்டர் என்னும் பார்வையற்ற நிரலாளர் 1989இல் அத்தகைய திரைபடிப்பான் ஒன்றை வெளியிட்டார். விசைகளைத் தட்டி, குரலைக் கேட்டு, பார்வையற்ற இசைஞர் பாடலைத் தொகுக்க வழி இருந்தது.

பின்னர்ப் படங்களால் ஆன திரை வந்தது. 1984இல் மக்கின்டாசு, 1985இல் அடாரி எசுடி, 1989இல் கியூபேசு எனப் படிப்படியாக இசையாக்கம் படத்திரைக்கு மாறியது. படத்திரை தானாகவே பகையன்று. இதனை நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும். இயங்குதளம் தரும் அழுத்துவிசை ஒன்றை நிரலாளர் பயன்படுத்தினால், அவ் விசை தன் பெயர் யாது, தன் வகை யாது, தன் நிலை யாது என்னும் மூன்றையும் திரைபடிப்பானுக்குச் சொல்லும். ‘பதிவு, அழுத்துவிசை, அணைந்துள்ளது’ எனக் குரல் எழும். ஆனால் நிரலாளர் அவ் விசையைப் புறந்தள்ளி, நிறப்புள்ளிகளைக் கொண்டு தாமே ஒரு விசையின் படத்தை வரைந்துவிட்டால், கண்ணுக்கு அது விசை; திரைபடிப்பானுக்கு அது வெறும் சுவர். பெயர் இல்லை, வகை இல்லை, நிலை இல்லை. குரல் ஒன்றும் சொல்லாது நிற்கும்.

இசை மென்பொருள் செய்தோர் ஏறத்தாழ அனைவரும் இந்த இரண்டாம் வழியையே தேர்ந்தனர். 1996இல் இசுடைன்பெர்க் நிறுவனம் விஎசுடி என்னும் செருகுநிரல் முறையை வெளியிட்டது. எவரும் செருகுநிரல் எழுதலாம், எவரும் தம் விருப்பம்போல் முகப்பை வரையலாம் என்னும் நிலை ஏற்பட்டது. 1997இல் வந்த ரீபர்த்து, ரோலண்டு நிறுவனத்தின் பழைய ஒலிப்பொறிகளைத் திரையில் அப்படியே ஓவியமாக வரைந்து காட்டியது. 2000இல் வந்த ரீசன், அடுக்குப் பெட்டிகளையும் அவற்றின் பின்புறத்தில் தொங்கி ஆடும் கம்பிகளையும்கூட வரைந்தது. அன்று முதல் இது தொற்றுநோயாயிற்று. மரச்சட்டம், மறையாணி, தேய்ந்த வண்ணப்பூச்சு, முள் ஆடும் அளவி, ஒளிரும் வெற்றிடக் குழல் என அனைத்தும் திரையில் ஏறின. மறையாணியின் பள்ளத்தில் விழும் நிழலை வரைய நேரம் இருந்தது. அருகிலுள்ள குமிழுக்கு ஒரு பெயர் சூட்ட நேரம் இல்லை!

பார்வையுடையோர்க்கும் இழப்பே

இவ் வொப்பனையால் பார்வையுடையோரேனும் பயன் பெற்றனரா? அதுவும் இல்லை. உண்மைக் கருவியில் குமிழ் உருண்டையாக இருந்தது விரல்கள் பற்றித் திருகுவதற்காக. திரையில் பற்ற விரல் இல்லை. சுட்டி மட்டுமே உண்டு. குமிழின் படத்தின்மேல் சுட்டியை வைத்து அழுத்தியவாறு இழுக்க வேண்டும். சில செருகுநிரல்களில் மேலும் கீழும் இழுக்க வேண்டும். சிலவற்றில் வட்டமாகச் சுழற்ற வேண்டும். எது எங்ஙனம் என்பதைக் குமிழ் சொல்வதில்லை. இழுத்த பின்னும் அளவு எத்தனை என்று எண்ணில் காட்டாத குமிழ்கள் உண்டு; எண்ணைத் தட்டச்சிட்டு உள்ளிட இடந்தராதவை மிகப் பல.

ஓர் இலக்கைச் சென்று தொட ஆகும் நேரம், அதன் தொலைவு மிகுந்தால் கூடும், அதன் அளவு பெருத்தால் குறையும் என்பதை 1954இல் அமெரிக்க உளவியலறிஞர் பால் பிட்சு ஆய்ந்து நிறுவினார். இடைமுகம் அமைப்போர் முதற்பாடமாகப் படிப்பது இது. படித்துவிட்டு, பழம்பெட்டியின் முகப்பைச் சுருக்கி, நகக்கண் அளவு குமிழ்களை நெருக்கி வைத்து, அவற்றின்கீழ் எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்துகளையும் பொறித்து விற்கின்றனர். நாள் முழுதும் சுட்டியை இழுத்து மணிக்கட்டு நொந்தவர், நாற்பதைக் கடந்து கிட்டப்பார்வை மங்கியவர், இருண்ட அரங்கில் விரைந்து இயக்க வேண்டியவர் என அனைவரும் அத் துன்பத்தில் பங்குகொள்கின்றனர்.

இதனினும் ஆழமான கேடு ஒன்று உண்டு. திரை முழுதும் அலைவடிவமும், வளைகோடும், கட்டமும் நிறைந்திருக்கும்பொழுது, கலைஞனின் தீர்ப்பு செவியை விட்டுக் கண்ணுக்கு நகர்கின்றது. கோடு அழகாக வளைந்திருப்பதால் ஒலி நன்றாக இருப்பதாக எண்ணுகின்றான். தாள அடி கட்டத்தின் கோட்டில் பொருந்தாமையால் அது பிழை என்று எண்ணி நகர்த்துகின்றான். அலைவடிவம் ஒலியன்று, ஒலியின் நிழல். நிழலுக்கு அணி பூட்டுவோர் உருவை மறந்துவிடுவர்.

போலிக் கரணியங்கள்

‘பார்வையற்றோருள் எம் பொருளை வாங்குவோர் மிகச் சிலர், அச் சிலர்க்காக உழைத்தல் வணிகத்துக்கு ஒவ்வாது’ என்பது முதற் கரணியம். கதவைச் சாத்தித் தாழிட்டுவிட்டு, உள்ளே வந்தோர் எத்தனை பேர் என்று எண்ணிக் காட்டும் கணக்கு இது. உலகில் முற்றும் பார்வையற்றோர் ஏறத்தாழ 4.3 கோடிப் பேர் என 2020ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு கூறுகின்றது. அவர் அனைவரும் இசைஞர் அல்லர் எனலாம். பார்வையுடையோர் அனைவரும் இசைஞரா? எத்தனை பேர் வருவர் என்பதை அறியும் ஒரே வழி கதவைத் திறப்பது.

‘முகப்பின் அழகு கெடும்’ என்பது இரண்டாம் கரணியம். திரைபடிப்பானுக்கு வேண்டுவது குமிழின் பெயரும் அளவும் மட்டுமே. அவை நிரலுக்குள் எழுதப்படுபவை. திரையில் தோன்றுபவை அல்ல. மரச்சட்டத்தில் ஒரு கீறலும் விழாது; மறையாணியின் நிழலில் ஓர் இழையும் குறையாது. விரும்புவோர் அவ் வோவியத்தை வைத்துக்கொள்ளட்டும். அதற்கு ஒரு வாயை மட்டும் வைக்கட்டும்.

‘ஒலியளவைக் கண்ணால் பாராமல் எங்ஙனம் கலப்பது?’ என்பது மூன்றாம் கரணியம். இதற்கு விடையைப் பார்வையற்றோரே செய்து காட்டிவிட்டனர். ஆத்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், சேம்சு தெ என்னும் பார்வையற்ற நிரலாளர் இருவர், 2006இல் தொடங்கிய என்விடிஏ என்னும் திரைபடிப்பானை உலகுக்கு விலையின்றி வழங்கினர். அவருள் சேம்சு தெ, ரீப்பர் மென்பொருளுக்கெனவே ஒசாரா என்னும் துணைநிரலைத் தொடங்கினார்; பலர் கைகொடுத்து அதனை வளர்த்தனர். எந்தத் தடத்தில் நிற்கின்றோம், அதன் ஒலியளவு எத்தனை, எந்த இடத்தில் துண்டிக்கின்றோம் என்பவற்றை அது குரலில் சொல்கின்றது. ஒலி வரம்பு மீறினால் அதனை அறிவிக்கும் காவலும் அதில் உண்டு. இன்று உலகெங்கும் பார்வையற்ற இசைஞர் ரீப்பரை முழுமையாக ஆள்கின்றனர். இயலாது என்றது இயன்றுவிட்டது. அதுவும் பெருமுதல் நிறுவனத்தின் பணத்தால் அன்று, சிலரது ஓய்வு நேரத்து உழைப்பால்.

‘நிரல் எழுதுவது கடினம்’ என்பது நான்காம் கரணியம். செருகுநிரல் ஒவ்வொன்றும் தன் அளவுகளின் பெயர்களையும் மதிப்புகளையும் தன்னைச் செருகிய மென்பொருளுக்குச் சொல்லும் ஏற்பாடு விஎசுடி முறையிலேயே உள்ளது. ஒசாரா அப் பட்டியலையே எடுத்துப் படிக்கின்றது. அங்கும் சோம்பலால் பெயரிடாது விடுவோரும், முதன்மையான விசைகளைப் பட்டியலில் சேர்க்காது படத்தில் மட்டும் வைப்போரும் உளர். போகட்டும், செருகுநிரல் செய்வோருள் மிகப் பலர் பயன்படுத்தும் சூசு என்னும் நிரற்கட்டகம், 2021இல் வந்த தன் 6.1ஆம் பதிப்பிலேயே திரைபடிப்பானோடு பேசும் ஏந்துகளைச் சேர்த்துவிட்டது. கருவி கையில் தரப்பட்டுவிட்டது. இனிக் கடினம் என்று சொல்வது கடினத்தால் அன்று, மனமின்மையால்.

காலம் தாழ்த்தியோரும் கைவிட்டோரும்

ஏபில்டன் லைவ் 2001இல் வெளிவந்தது. திரைபடிப்பானோடு பேசும் ஆற்றல் அதற்கு 2024 மார்ச்சுத் திங்களில் வெளிவந்த 12ஆம் பதிப்பில்தான் வாய்த்தது. செய்ததைப் பாராட்டுதல் கடன். ஆயினும் இடையிட்ட 23 ஆண்டுகளை எவர் திருப்பித் தருவர்? 2001இல் இருபது அகவையராய் அதன் வாயிலில் நின்ற பார்வையற்ற இசைஞர்க்கு, வாயில் திறந்தபொழுது அகவை நாற்பத்து மூன்று.

இன்னொரு பாடமும் உண்டு. கேக்வாக்கின் வழிவந்த சோனார் என்னும் மென்பொருளைப் பார்வையற்ற இசைஞர் பலர், அதற்கென எழுதப்பட்ட தனிநிரல்களின் துணையால் பல்லாண்டு பழகியிருந்தனர். 2017இல் அதன் உரிமை நிறுவனம் ஆக்கத்தை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. அடுத்த ஆண்டே வேறு நிறுவனம் அதனை வாங்கிற்று எனினும், ஒன்று தெளிவாயிற்று. பெரும்பான்மையோர் ஒன்றை இழந்தால் வேறு பத்துள் ஒன்றைத் தேர்வர். பார்வையற்றோர் ஒன்றை இழந்தால் தேர்வதற்கு இரண்டு மூன்றே எஞ்சும். ஒட்டுப்போட்ட துணைநிரலை நம்பி ஒரு மக்கட் பிரிவின் பிழைப்பு நிற்றல் அறமன்று. உரிமை என்பது அடித்தளத்திலேயே கட்டப்பட வேண்டுவது. பின்வாயிலில் சாய்த்து வைக்கும் ஏணி அன்று.

உலக நாடுகள் அவை 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையின் 30ஆம் கூறு, அவர்தம் படைப்பாற்றலையும் கலையாற்றலையும் வளர்த்துக்கொள்ளும் வாய்ப்பை உறுப்பு நாடுகள் உண்டாக்க வேண்டும் என்றும், அது அவர் நலத்துக்கு மட்டுமன்றிக் குமுகாயத்தின் வளத்துக்கும் ஆகும் என்றும் கூறுகின்றது. இந்திய அரசு 2007இல் அதனை ஏற்றுக் கையொப்பமிட்டு உறுதி செய்தது. தாளில் கையொப்பம் உண்டு. பொதுப்பணத்தில் இயங்கும் இசைக்கல்லூரியும் ஒலிபரப்பு நிலையமும் மென்பொருள் வாங்கும்பொழுது, இது பார்வையற்ற மாணவர்க்குப் பேசுமா என்னும் ஒரு வினாவை எழுப்பினாலன்றி அக் கையொப்பம் தாளைவிட்டு இறங்காது.

தமிழ் பேசும் பார்வையற்ற இசைஞர்க்கோ பூட்டு இரண்டு. என்விடிஏ தமிழில் பேசும். அதற்கான தமிழ்க்குரலும் உண்டு. ஆனால் கியூபேசிலோ ஏபில்டன் லைவிலோ படிப்பதற்குத் தமிழ்ப்பட்டி இல்லை. கண்ணுடையவர் அயற்சொல்லைப் படமாக மனத்தில் பதித்துக்கொண்டு காலந்தள்ளலாம். செவியொன்றையே நம்பியவர்க்கு ஒவ்வொரு விசையும் அயல்மொழி ஒலியாகவே வந்து விழுகின்றது. குரல் தமிழ், சொல் அயல் என்னும் இக் கலவையில் பொருள் சிதைந்து போகின்றது. முதற் பூட்டைத் திறப்போர் இரண்டாவதையும் சேர்த்தே திறத்தல் வேண்டும்.

வேண்டுவன நான்கே. ஒவ்வொரு குமிழுக்கும் விசைக்கும் நிரலுக்குள் பெயரும் அளவும் இருத்தல் வேண்டும். சுட்டியால் செய்யும் ஒவ்வொன்றையும் விசைப்பலகையாலும் செய்ய இயலல் வேண்டும். ஒவ்வோர் அளவையும் எண்ணாக உள்ளிட இடம் வேண்டும். வெளியிடுமுன் பார்வையற்ற இசைஞர் கையில் தந்து, அவர் சொல்லும் குறைகளைத் தீர்த்த பின்னரே விற்பனைக்கு அனுப்புதல் வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் இயலாத செயலா? ஒன்றேனும் பிறர்க்கு இழப்புத் தருவதா?

வாங்குவோர்க்கும் இதில் பங்குண்டு. மென்பொருளுக்குப் பணம் தருமுன் விற்போரிடம் இவ் வொரு வினாவைக் கேட்டு எழுதட்டும்: இது பேசுமா? பத்துப் பேர் கேட்டால் விற்போர் நகைப்பர்; நூறு பேர் கேட்டால் குறித்துக்கொள்வர்; ஆயிரம் பேர் கேட்டால் அடுத்த பதிப்பில் அது பேசும். இரக்கத்தால் திறக்காத கதவுகள் பல, கணக்கால் திறந்திருக்கின்றன. கேட்க வேண்டியதை இன்றே கேட்கத் தொடங்குக!